கறுப்பின எழுத்தை வாசிக்கையில் சறுக்கும் இடங்கள்

நம்மில் பலருக்குக் கறுப்பின எழுத்து அறிமுகமானதே ‘ஏழு தலைமுறைகள்’ வழியாகத்தான். அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ (1976) நூலின் தமிழ் வடிவம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகப் பிடித்து வரப்பட்ட அதன் நாயகன் குண்டா கிண்டேயைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள், சரி. ஆனால் அதை அச்சு அசலான குடும்ப வரலாறு என்று நம்பிவிடுவதில்தான் முதல் சறுக்கல். சில பகுதிகள் ஹாரல்ட் கூர்லாண்டரின் நாவலிலிருந்து வந்தவை என்பதை ஹேலியே ஒப்புக்கொண்டு, கூர்லாண்டர் தொடுத்த வழக்கை 1978இல் சமரசத்தில் முடித்தார். அவர் சொன்ன வம்சாவளியையும் ஆய்வாளர்கள் பிறகு கேள்விக்குள்ளாக்கினார்கள். நாவலாகப் படியுங்கள், ஒன்றும் குறையாது.

இதைவிடப் பெரிய தவறு, மொத்த எழுத்தையும் துன்பக் கதையாகவே படிப்பது. சாட்டையடி வருகிற பக்கத்தில் கண்கலங்கிவிட்டு, வாதம் தொடங்குகிற பக்கத்தை வேகமாகத் தள்ளிவிடுகிறோம். அடிமைமுறையிலிருந்து தப்பி வந்து பேச்சாளராகவும் எழுத்தாளராகவும் ஆன ஃபிரெடெரிக் டக்ளஸுக்கு இது அவர் காலத்திலேயே நடந்தது. அடிமைமுறை எதிர்ப்பு மேடைகளில் அவரை ஏற்றிய வெள்ளைக்கார நண்பர்கள், நடந்ததை மட்டும் நீங்கள் சொல்லுங்கள், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். 1855இல் வந்த இரண்டாவது சுயசரிதையில் அவரே இதைச் சொல்கிறார். எல்லாரும் 1845இல் வந்த முதல் நூலைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்வதால் இந்த இடம் பலர் கண்ணிலேயே படுவதில்லை.

ஹாரியட் ஜேக்கப்ஸின் சுயசரிதையை எடுத்துக்கொள்ளுங்கள், 1861இல் வந்தது. வட கரோலினாவில், தன்னை விடாமல் துரத்திய எஜமானனிடமிருந்து தப்பி, பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் 9 அடி நீளமும் 7 அடி அகலமும் உள்ள பொந்தில், அதுவும் மிக உயர்ந்த இடத்திலேயே 3 அடிதான், கிட்டத்தட்ட 7 வருடம் ஒளிந்திருந்தார். இதைப் படித்ததும் நம் மனம் அந்தப் பொந்திலேயே நின்றுவிடுகிறது. அதற்குள்ளிருந்து அவர் செய்த வேலையைப் பாருங்கள்: நியூயார்க் செய்தித்தாளின் கிழிந்த பாதியில் ஒரு தெருப் பெயரையும் கதவு எண்ணையும் தேடியெடுத்து, அங்கிருந்து எழுதுவது போல எஜமானனுக்குக் கடிதம் எழுதி, அதை வடக்கே கொண்டுபோய்த் தபாலில் போடச் செய்தார். தன் தலைக்கு மேலே ஒளிந்திருப்பவளைத் தேடி அந்த ஆள் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தான்! இது தந்திரம், திட்டம். எஜமானனைத் தவிர்ப்பதற்காகவே வேறொரு வெள்ளையரோடு உறவு வைத்துக்கொண்டதையும் மறைக்காமல் எழுதி, சுதந்திரமாகப் பிறந்த பெண்களுக்கான அளவுகோலால் என்னை அளக்காதீர்கள் என்று வடபகுதி வெள்ளைப் பெண்களிடம் நேரடியாக வாதாடுகிறார். அப்படியும் ரொம்ப காலம் பலர் இதை நாவல் என்றே நினைத்தார்கள், புத்தகத்தைத் தொகுத்த லிடியா மரியா சைல்டே எழுதியிருப்பார் என்றும் சொன்னார்கள். 1980களில் ஜீன் ஃபேகன் யெலின் கடிதங்களையும் ஆவணங்களையும் தேடி, எழுதியது ஜேக்கப்ஸ்தான் என்று நிறுவிய பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது.

காகிதத்தில் எழுதியது யார் என்று பார்க்காமல் மேற்கோள் காட்டுவது இன்னொன்று. மகளிர் தினம் வந்தால், அடிமையாகப் பிறந்து பெண்ணுரிமை பேசிய சோஜர்னர் ட்ரூத்தின் ‘நான் பெண் இல்லையா?’ எல்லா இடத்திலும் சுற்றும். 1851இல் ஓஹையோவின் ஆக்ரனில் பேசிய உரை அது. ட்ரூத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடுத்த மாதமே மேரியஸ் ராபின்சன் பத்திரிகையில் வெளியிட்ட வடிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை. 12 வருடம் கழித்துப் பெண்ணுரிமைப் போராளி ஃபிரான்சஸ் கேஜ் எழுதிய வடிவத்தில்தான் அது திரும்பத் திரும்ப வருகிறது, அதுவும் தென்மாநில அடிமைகளின் பேச்சு நடையில். ட்ரூத் பிறந்து வளர்ந்ததோ நியூயார்க் மாநிலத்தில், முதலில் பேசிய மொழி டச்சு! ஆக, ஒரு கறுப்பினப் பெண் எப்படிப் பேசுவாள் என்று கேஜ் கற்பனை செய்ததை ட்ரூத்தின் குரலாக நாம் பகிர்ந்துகொண்டிருக்கிறோம். இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், எனக்கு ராபின்சன் வடிவம்தான் பிடித்திருக்கிறது.

கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்டுக்கும் இதே கதிதான். ‘எஜமானனின் கருவிகள் எஜமானனின் வீட்டை ஒருபோதும் இடிக்காது’ என்ற அவருடைய வரி இப்போது எதற்கு வேண்டுமானாலும் பயன்படுகிறது. 1979இல் நியூயார்க்கில் நடந்த ஒரு பெண்ணிய மாநாட்டில், மாநாட்டை நடத்தியவர்களின் முகத்துக்கு நேரே சொன்னது அது. நீங்கள் இங்கே உட்கார்ந்து பெண்ணியக் கோட்பாடு பேசும்போது உங்கள் வீட்டைத் துடைப்பதும் குழந்தையைப் பார்ப்பதும் பெரும்பாலும் ஏழைப் பெண்களும் வெள்ளையரல்லாத பெண்களும்தானே என்று அதே உரையில் கேட்கிறார். அந்தக் கேள்வியை யாரும் போஸ்டர் போடுவதில்லை, ஏனோ.

காலனியாதிக்கத்தை எதிர்த்து எழுதிய ஃபிரான்ஸ் ஃபனானிடம் வேறு பிரச்சினை. 1961இல் வந்த அவருடைய கடைசி நூலில் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரின் முன்னுரையையும் வன்முறை பற்றிய முதல் அத்தியாயத்தையும் படித்துவிட்டு, ஃபனான் வன்முறையைக் கொண்டாடியவர் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அவர் மனநல மருத்துவர். அல்ஜீரியப் போரில் சித்திரவதைக்கு ஆளானவர்களோடு, சித்திரவதை செய்த போலீஸ்காரர்களும் அவரிடம் நோயாளிகளாக வந்தார்கள். பின்பகுதி அத்தியாயம் ஒன்று முழுக்க அந்தக் குறிப்புகள்தான். அதைப் படித்த பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் பாருங்கள்.

அப்புறம், எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்ற நினைப்பு. சோரா நீல் ஹர்ஸ்டனின் 1937 நாவலை இன்னொரு கறுப்பின எழுத்தாளரான ரிச்சர்ட் ரைட்டே வெளுத்து வாங்கினார், அதில் கருத்தே இல்லை என்றார். அந்தச் சண்டையையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கடைசியாக, நான்கு பக்கம் படித்ததும் ‘இது நம்ம ஊர் சாதிதானே’ என்று தாவுவது. ஒப்புமை இருக்கிறது, அதை அம்பேத்கரே 1946இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் அதோடு விட்டுவிடவில்லை: அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த மனுவின் இரண்டு மூன்று பிரதிகளை அனுப்ப முடியுமா என்று அதே கடிதத்தில் கேட்டார்.