பழைய டிராக்டரில் குழி தோண்டுகிறீர்களா?

வேலிக்கல் நடவோ தென்னங்கன்று வைக்கவோ குழி தோண்டும் கருவியைப் பழைய டிராக்டரில் மாட்டுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கிளட்சை. ஒற்றைக் கிளட்ச் வண்டியில் அதை மிதித்தால் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு நிற்கும், சில பழைய மாடல்களில் கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக்கும் கூடவே நின்றுவிடும். திருகு மண்ணுக்குள் இறுகிய நேரத்தில் கிளட்சை மிதித்துக்கொண்டு கருவியைத் தூக்கலாம் என்று நினைத்தால் நடக்காது.

ஆகவே ஒரே மூச்சில் இரண்டடி இறக்காதீர்கள். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, அரையடி இறக்கித் தூக்குங்கள். திருகில் அப்பிய மண் உதிர்ந்ததும் மறுபடி அரையடி. காய்ந்து இறுகிய செம்மண் என்றால், முந்தைய நாள் மாலையே குறியிட்ட இடத்தில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவையுங்கள். அழுத்தம் போதவில்லையென்று கருவியின் மேல் ஆளை ஏற்றுவது வேண்டவே வேண்டாம். வேட்டி, துண்டு எதுவும் சுழலும் தண்டின் அருகே போகக் கூடாது.

மீறி மாட்டிக்கொண்டதா? எஞ்சினை நிறுத்தி, பி.டி.ஓ.வை விடுவித்து, பெரிய பைப் ரெஞ்சால் திருகைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். திருகாணி கழல்வதைப் போல மேலே வரும். பாரம் மிஞ்சினால் தானே அறுந்து கியர்பாக்ஸைக் காப்பது ஷியர் போல்ட். அது அறுந்தால் அதே அளவில், அதே தரத்தில்தான் போட வேண்டும். கெட்டியான போல்ட்டைப் போட்டு என் கியர்பாக்ஸில் பல் உடைந்தது தனிக்கதை.