இரும்பை வைத்துத் தனிமம், கலவை, சேர்மம் கண்டறிவது எப்படி?

மூன்றுக்கும் இலக்கணம் கேட்டால் சொல்லிவிடுவோம். கையில் ஒரு பொடியைக் கொடுத்து "இது எந்த வகை?" என்று கேட்டால்தான் திணறல் வரும். ஒரு காந்தமும் கொஞ்சம் இரும்புத்தூளும் இருந்தால் அதைச் சரி செய்துவிடலாம்.

இரும்புத்தூள் லேத் பட்டறையில் கேட்டால் கிடைக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி உடனே காயவையுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தூள் வேண்டாம், அது எளிதில் துருப்பிடிக்காது. காந்தத்தை மெல்லிய பாலித்தீன் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒட்டிய தூளைப் பிறகு எடுக்கவே முடியாது.

படி 1: தனிமம்

தூளின் மேல் காந்தத்தைக் காட்டுங்கள், எல்லாம் ஒட்டும். இரும்பு ஒரு தனிமம். அதில் இருப்பவை எல்லாமே 26 புரோட்டான் கொண்ட ஒரே வகை அணுக்கள். எந்த வேதிவினையாலும் அதை இன்னும் எளிய பொருளாகப் பிரிக்க முடியாது. (பட்டறைத் தூள் பெரும்பாலும் எஃகுதான். அதில் சிறிது கார்பனும் இருக்கும். இந்தச் சோதனைக்கு அதை இரும்பாகவே எடுத்துக்கொள்வோம்.)

படி 2: கலவை

தூளோடு உப்புப் பொடியைக் கலக்குங்கள். மணல் வேண்டாம், அதிலேயே காந்தத்தில் ஒட்டும் கருந்துகள்கள் இருக்கக்கூடும். இப்போது காந்தம் இரும்பை மட்டும் இழுக்கும், உப்பு தட்டிலேயே தங்கும். எந்த அளவில் கலந்தாலும் இரண்டும் தங்கள் குணத்தை விடவில்லை.

படி 3: சேர்மம்

கொஞ்சம் இரும்புத்தூளை உப்புத் தண்ணீரால் நனைத்து, தட்டில் பரப்பி ஓரிரு நாள் விடுங்கள். அவ்வப்போது ஈரம் காட்டுங்கள். காய்ந்ததும் தேய்த்தால் பழுப்புப் பொடி உதிரும். அதுதான் துரு: இரும்பு, ஆக்சிஜன், நீர் சேர்ந்த சேர்மம். மாறாமல் மிஞ்சிய இரும்பு காந்தத்தில் ஒட்டும், துரு அப்படி ஒட்டாது. துருவிலிருந்து இரும்பை மீட்க ஊதுலையில் கார்பனோடு சூடாக்குவது போன்ற வேதிவினை வேண்டும்.

சேர்மத்தின் இன்னொரு அடையாளம் நிலையான விகிதம். ஏறத்தாழ 7 கிராம் இரும்பும் 4 கிராம் கந்தகமும் சூட்டில் சேர்ந்து இரும்பு சல்ஃபைடு ஆகும். 10 கிராம் இரும்பு போட்டாலும், 4 கிராம் கந்தகத்துக்கு 3 கிராம் இரும்பு மிச்சமாகத்தான் நிற்கும். இதை வீட்டில் செய்யவே கூடாது. எரியும் கந்தகத்தின் புகை நுரையீரலைத் தாக்கும். இரும்பு சல்ஃபைடில் அமிலம் பட்டால் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் செய்து காட்டட்டும்.

படி 4: காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள்

"ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் சேர்மம்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சேலம் கஞ்சமலையில் கிடைக்கும் இரும்புத்தாதுவையே பாருங்கள். அந்தக் கல்லைப் பொடித்துக் காந்தத்தைக் காட்டினால் கருப்புத் துகள்கள் ஒட்டும், வெளிறிய குவார்ட்ஸ் தங்கிவிடும். அப்படியானால் கல் ஒரு கலவை. ஒட்டிய கருப்புத் துகளோ தனி இரும்பு அல்ல, மேக்னடைட் என்ற சேர்மம். 3 இரும்பு அணுக்களுக்கு 4 ஆக்சிஜன் அணுக்கள் என்பது அதன் மாறாத விகிதம், எடையில் சுமார் 72 சதவீதம் இரும்பு. அதை உலையில் ஆக்சிஜன் நீங்கும்படி சூடாக்கிய பிறகுதான் இரும்பு என்ற தனிமம் கிடைக்கும்.