நிறமூர்த்தம் சரி என்ற ரிப்போர்ட்டோடு நின்றுவிடாதீர்கள்

பிராடர் வில்லி, ஏஞ்சல்மன் என்ற இரண்டு மரபணு நோய்களைப் பற்றித்தான் சொல்கிறேன். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, வலிப்பு வருகிறது என்றால் வெள்ளவத்தை வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "இது ஆரின்ர பக்கத்தால வந்தது?" அங்கேயே முதல் பிழை தொடங்குகிறது. பெரும்பாலும் பழி தாயின் தலையில்தான் விழும். அதைப் பார்க்கவே எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நிறமூர்த்தம் (குரோமோசோம்) என்பது மரபணுக்களைத் தாங்கும் இழை. ஒவ்வொன்றிலும் தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. 15ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு சிறு பகுதியில் சில மரபணுக்கள் தந்தை தந்த பிரதியில் மட்டும் வேலை செய்யும். தாய் தந்ததில் மீதைல் என்ற வேதிக் குறி ஒட்டி, அவை உறங்கிக் கிடக்கும். யூபிஈ3ஏ (UBE3A) என்ற மரபணுவோ மூளையில் தாயின் பிரதியிலிருந்தே வேலை செய்யும். டிஎன்ஏவின் எழுத்து மாறாமல் குறியால் மட்டும் மரபணு அடங்குவதைத்தான் எபிஜெனடிக் மாற்றம் என்கிறார்கள். தந்தையின் பகுதி இல்லாமல் போனால் பிராடர் வில்லி. தாயின் பகுதி போனால் ஏஞ்சல்மன். பெரும்பாலான பிள்ளைகளில் இந்த இழப்பு கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது புதிதாக நேர்வது. தாய் சாப்பிட்டதாலும் இல்லை, தந்தை செய்ததாலும் இல்லை.

அடுத்த பிழைதான் அதிகம் கெடுக்கிறது. நிறமூர்த்தச் சோதனையில் 46 இருக்கிறது, எல்லாம் சரி என்று கோப்பை மூடிவிடுவது. பிராடர் வில்லி உள்ள சில பிள்ளைகளுக்கு 15ஆம் நிறமூர்த்தம் இரண்டுமே தாயிடமிருந்து வந்திருக்கும். எண்ணிக்கை சரி, எழுத்தும் சரி, ஆனால் தந்தையின் பிரதி இல்லை. எண்ணிப் பார்த்தால் இது தெரியாது. அந்த மீதைல் குறிகளைப் பார்க்கும் மீதைலேற்றச் சோதனை வேண்டும். அது பிராடர் வில்லியில் 99 வீதத்துக்கு மேல் பிடித்துவிடும், ஏஞ்சல்மனில் ஏறக்குறைய 80 வீதம்தான். அதனால் ஏஞ்சல்மன் சந்தேகம் தீராவிட்டால் யூபிஈ3ஏ மரபணுவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, நோயின் பெயர் தெரிந்துவிட்டது, அடுத்த பிள்ளை? பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. புதிதாக நேர்ந்த இழப்பென்றால் மறுபடி வரும் வாய்ப்பு பொதுவாக 1 வீதத்துக்கும் குறைவு. குறிகளை இடும் மையத்திலேயே பெற்றோர் வழி வந்த இழப்பு இருந்தால் 50 வீதம் வரை போகும். எந்த வகை என்பது ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும்.

குறிதானே, சத்து மாத்திரையால் மாற்றலாம் என்ற விளம்பரங்களுக்குக் காசைக் கொட்டாதீர்கள். இல்லாத பகுதியை எந்த மாத்திரையும் கொண்டுவராது. பிராடர் வில்லிக்கு வளர்ச்சி ஹோர்மோனும், அடங்காப் பசி தொடங்குமுன்பே உணவுக் கட்டுப்பாடும் உண்மையில் உதவுகின்றன.

கின்சி வீதியில், கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு 1983இல் தொடங்கப்பட்டது. மரபியல் ஆலோசனைக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தாயும் தந்தையும் சேர்ந்தே போங்கள்.