ஒற்றைக் கொலுசு: திரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தைத் திட்டமிடுவது எப்படி

குறும்படம் எடுக்க என்னிடம் வரும் தம்பி தங்கைகள் முதலில் சொல்லும் இடம் ஏற்காடு மலைப்பாதைதான். "அக்கா, ட்ரோன் விட்டு வளைவு வளைவா காட்டிட்டு, அப்படியே ஒரு பைக் ஏறி வர்றதுல ஆரம்பிக்கலாங்க." அந்த ஆசை எனக்கு நன்றாகப் புரியும். என் முதல் குறும்படமும் அப்படித்தான் தொடங்கியது. நாலு நிமிடம் பனி, சில்வர் ஓக் மரங்கள், மேலே ஏறும் ஒரு பைக், அடியில் கனமான இசை.

அதைச் சேலத்திலேயே ஒரு சின்ன அரங்கில் போட்டுக் காட்டினோம். அடிவாரத்திலிருந்து ஏறும் அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கும். என் படத்தில் ஒரு ஷாட்டில் 14, அடுத்த ஷாட்டில் 6. "இவன் மேல போறானா, கீழ வர்றானா?" என்று பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அதற்குப் பிறகு அரங்கம் முழுக்கப் பலகையைத்தான் பார்த்தது.

எண்ணைச் சரிபார்க்காதது என் தவறு. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது அதைவிடப் பெரிய தவறு ஒன்று தெரிந்தது. திரில்லர் பார்க்க உட்காருகிறவர் முதல் இரண்டு நிமிடத்தில் ஒரு கேள்வியைத் தேடிக்கொண்டே இருக்கிறார். நான் எதையும் கொடுக்கவில்லை, அவரே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார். தொடக்கக் காட்சி என்றால் அந்தக் கேள்வியை நாம் கொடுப்பது. யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது என்று பங்கு பிரித்து வைத்தால் கேள்வி தானாகப் பிறக்கும். 16 வருடமாகக் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு குறும்படம் எடுக்கிறேன். இரண்டு வேலைக்கும் அடியில் இருப்பது இந்தப் பங்கு பிரிப்புதான் என்று நம்புகிறேன்.

எடுப்பதற்கு முன்னால் பார்க்கப் பழக வேண்டும். பிடித்த திரில்லர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நிமிடம் போதும். நான்கு தடவை பாருங்கள். முதல் தடவை சும்மா பாருங்கள், பேனாவைத் தொடாதீர்கள். இரண்டாவது தடவை சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு. மூன்றாவது தடவை திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காதால் மட்டும். நான்காவது தடவைதான் நோட்டு. பக்கத்தில் ஐந்து கோடு போட்டுக்கொள்ளுங்கள்: எத்தனையாவது நொடி, என்ன ஷாட், என்ன சத்தம், இப்போது நமக்குப் புதிதாக என்ன தெரிந்தது, திரையில் இருப்பவருக்கு என்ன தெரியும்.

முதல் மூன்று கோட்டை எல்லோரும் நிரப்பிவிடுவார்கள். "லோ ஆங்கிள், குளோசப், நீல நிற லைட்" என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். கடைசி இரண்டு கோட்டை நிரப்புவதுதான் ஆய்வு. நான்காவதும் ஐந்தாவதும் எங்கே வேறுபடுகிறதோ அந்த நொடியில்தான் வயிற்றில் ஏதோ பிசைகிறது. அந்த நொடியை வட்டம் போடுங்கள்.

1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தை இப்படிப் பார்த்தால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பாட்டே இல்லாத தமிழ்ப் படம். தொடங்கியதும் துப்பாக்கிச் சத்தம், சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் சாகிறார். யார் சுட்டது, எதற்கு, ஒன்றும் தெரியாது. நோட்டின் நான்காவது கோட்டில் "சாவு" என்று ஒரே ஒரு சொல்தான் எழுத முடியும். சுட்டவருக்கு எல்லாம் தெரியும், நமக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் காலத்தில் கதாநாயகனாகப் பெயர் எடுத்துக்கொண்டிருந்த நடிகரை முதலிலேயே சாகடிக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் வியக்கிறேன். பார்ப்பவர் யாரை நம்பி உட்கார்ந்தாரோ அவரே போய்விட்டார். இனி எதையும் உறுதியாக நம்ப முடியாது.

இதற்கு நேர் எதிரானது ஆர்சன் வெல்ஸ் 1958-இல் கொடுத்த 'டச் ஆஃப் ஈவில்' படத்தின் தொடக்கம். ஒரு கை வெடிகுண்டின் கடிகாரத்தைத் திருகுகிறது. குண்டு ஒரு காரின் டிக்கிக்குள் போகிறது. காரில் ஏறுகிறவர்களுக்கு அது தெரியாது. மூன்று நிமிடத்துக்கும் மேல் ஒரு வெட்டு கூட இல்லாமல் கேமரா எல்லை ஊரின் தெருவில் அந்தக் காரோடும், நடந்து போகும் ஒரு இளம் தம்பதியோடும் சேர்ந்தே போகிறது. இங்கே நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. கார் நின்றால் பதறுகிறோம், நகர்ந்தாலும் பதறுகிறோம்.

எடிட்டராக என்னை அதிகம் பாதித்தது அதற்குப் பின்னால் நடந்தது. படம் வெளியானபோது அந்த ஷாட்டின் மேல் டைட்டில்கள் ஓடின, ஹென்றி மான்சினியின் இசை அடித்தளமாக ஒலித்தது. தன் படத்தை எப்படித் திருத்த வேண்டும் என்று வெல்ஸ் ஸ்டுடியோவுக்கு 58 பக்கத்தில் எழுதியிருந்தார். அதை வைத்து 1998-இல் வால்டர் மர்ச் மறுபடி எடிட் செய்தார். டைட்டிலை எடுத்துவிட்டார். இசை தெருவோரக் கடைகளிலிருந்தும் கார் ரேடியோவிலிருந்தும் வந்து வந்து போகிற மாதிரி வைத்தார். படம் ஒரு ஃபிரேம்கூடப் புதிதாக எடுக்கப்படவில்லை. ஆனால் இப்போது காரின் ரேடியோ நெருங்கினாலே குண்டு நெருங்குகிறது என்று காதுக்குத் தெரிகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். சத்தத்தைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அன்றோடு போய்விடும்.

சரி, இனி நம் படம். போன வருடம் பிள்ளைகளோடு எடுத்த ஒரு தொடக்கத்தை அப்படியே சொல்கிறேன். வழி அதிலேயே இருக்கிறது.

இடம் தேடும்போது அழகான இடத்தைத் தேடாதீர்கள். உங்களுக்கு உள்ளும் புறமும் தெரிந்த இடத்தைத் தேடுங்கள். எங்கள் குழுவில் ஒரு பையனின் தாத்தா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். அங்கே போய் உட்கார்ந்து "இந்தத் தொழில்ல ஒருநாளும் நடக்காதது என்னங்க?" என்று கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை. "ஒத்தக் கொலுசு உருக்க வராது கண்ணு. வந்தா ஜோடியாத்தான் வரும்." அந்த இடத்திலேயே எங்களுக்குப் படம் கிடைத்துவிட்டது. ஒற்றைச் சிலம்போடு மதுரைக்குப் போனவன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கையில் ஒன்று மட்டும் இருந்தால் இன்னொன்று எங்கே என்று நம் மனசு தானாகக் கேட்கும். ஒரு தொழிலில், ஒரு வீட்டில், ஒரு தெருவில் நடக்கவே நடக்காத ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கேள்வி அங்கே இருக்கும்.

அப்புறம் பங்கு பிரித்தோம். இரவு ஏழு மணி, பட்டறை மூடும் நேரம். ஹெல்மெட் கையோடு ஒரு இளைஞன் வருகிறான். செய்தித்தாளில் சுற்றிய ஒரு கொலுசை வைத்து உருக்கித் தரச் சொல்கிறான். "ஜோடி?" என்று பெரியவர் கேட்க, "தொலைஞ்சிருச்சுங்க" என்கிறான். பெரியவர் விளக்கடியில் திருப்பிப் பார்க்கிறார். திருகாணி அப்படியே இருக்கிறது, கழற்றவே இல்லை. சங்கிலியைக் கட்டிங் பிளேயரால் அறுத்திருக்கிறார்கள். அவர் முகத்தில் எதையும் காட்டாமல், "உலை அணைஞ்சிருச்சு தம்பி, காலையில வாங்க" என்கிறார். அவர் பின்னால் உலை சிவப்பாக எரிவது நமக்குத் தெரிகிறது. இளைஞன் நிற்கும் இடத்திலிருந்து அது தெரியாது. அவன் போகவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறான்.

இதை எழுதிவிட்டு நோட்டில் நிரப்பிப் பார்த்தோம். அறுத்தது பெரியவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது இளைஞனுக்குத் தெரியாது. அவர் பொய் சொல்வது நமக்குத் தெரியும். கொலுசு யாருடையது என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். நான்கு பங்கு, ஒரு சண்டை இல்லை, ஒரு ரத்தத் துளி இல்லை. கதைச்சுருக்கம் எழுதுவதற்கு முன் இந்த நான்கு வரியை எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஸ்டோரிபோர்டுக்கு, அதாவது ஷாட்களை எடுப்பதற்கு முன்பே வரிசையாக வரைந்து பார்ப்பதற்கு, ஓவியம் தெரிய வேண்டியதில்லை. தீக்குச்சி மனிதர்கள் போதும். இன்னும் எளிது, போனோடு பட்டறைக்குப் போய் நண்பர்களை நிற்க வைத்து ஒவ்வொரு ஷாட்டையும் போட்டோவாக எடுத்து வரிசையாக ஒட்டுவது. நாங்கள் 17 ஷாட் வைத்தோம், 110 நொடிக்கு. சராசரியாக ஒன்று ஆறரை நொடி. ஆனால் சராசரியை நம்பி வெட்டாதீர்கள். பெரியவர் கொலுசைத் திருப்பிப் பார்க்கும் ஷாட் மட்டும் 19 நொடி. கடைசிப் பகுதியில் இரண்டு நொடித் துண்டுகள்.

முதல் ஷாட்டாகப் பட்டறையின் வாசலைக் காட்ட ஒரு தங்கை ஆசைப்பட்டாள். நான் வேண்டாம் என்றேன். எங்கே இருக்கிறோம் என்று முதலில் சொல்லியாக வேண்டும் என்பது கல்யாண வீடியோவுக்குப் பொருந்தும், அங்கே மண்டபத்தின் வாசல் முக்கியம். திரில்லரில் தராசின் எண்ணில் தொடங்கலாம். ஒரு கை கொலுசை வைக்கிறது, எண் ஓடி நிற்கிறது, அதற்குப் பிறகுதான் முகங்கள். இரண்டு பேர் எதிரெதிரே இருக்கும் காட்சியில் கேமரா ஒரே பக்கம் நிற்கட்டும். நடுவில் இருக்கும் கற்பனைக் கோட்டைத் தாண்டினால் இருவரும் இடம் மாறி உட்கார்ந்த மாதிரி தெரியும். நாங்கள் ஒரே ஒரு தடவை வேண்டுமென்றே தாண்டினோம், அவன் ஸ்டூலில் உட்காரும் நொடியில். அந்த அறை இனி அவனுடையது என்று அந்த மாற்றம் சொல்லிவிடும்.

விளக்கு பற்றி ஒன்று. பட்டறைகளில் பழைய டியூப்லைட் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். போனை நொடிக்கு 30 ஃபிரேமில் தானியங்கியாக விட்டால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடலாம். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் நொடியில் ஐம்பதில் ஒன்று (1/50) என்று கையால் வைத்துப் பூட்டிவிடுங்கள், மறைந்துவிடும். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் சேர்த்தே பூட்டுங்கள். மலைப்பாதையில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் அனுமதியோடு பகலில் எடுங்கள். காட்டெருமை குறுக்கே வரும் பாதை அது, பஸ்ஸும் வரும். பனி பத்து நிமிடத்தில் வந்து பத்து நிமிடத்தில் போய்விடும், இரண்டு ஷாட்டுக்குள் வானமே மாறியிருக்கும். போகும்போது ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் அந்த வளைவு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். டி. ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டுடியோ நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை இந்த ஊரில் இருந்தே எடுத்தது. நம்மாலும் முடியும் என்று தோன்ற அது போதும் எனக்கு.

எடிட்டில் நான் முதலில் படத்தை அடுக்குவதில்லை, சத்தத்தை அடுக்குகிறேன். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி அந்த அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு இடையே வெட்டும்போது அதை அடியில் ஓடவிட்டால் ஒட்டு தெரியாது. எங்கள் அமைதிக்குள் உலையின் ஊதுகாற்று இருந்தது. "அணைஞ்சிருச்சு" என்று பெரியவர் சொல்லும்போது அந்தக் காற்றை மெல்ல ஏற்றினோம். பொய் காதில் கேட்டது. அதற்கு மேல் இசை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசி நொடிகளில் திரை கறுப்பாகிறது. அடுத்த காட்சியின் சத்தம் முன்னாலேயே வந்துவிடுகிறது: தெருவில் யாரோ நடந்து வருகிறார்கள், ஒரு காலில் மட்டும் கொலுசு. ஜல், அமைதி, ஜல், அமைதி. அதன் மேல் படத்தின் பெயர். எழுத்தைத் தடிமனாக வையுங்கள், மெல்லிய தமிழ் எழுத்துருக்களில் புள்ளியும் கொம்பும் போன் திரையில் காணாமல் போகும். ஒவ்வொரு பெயரும் வாய்விட்டு இரண்டு தடவை படிக்கும் நேரம் நிற்கட்டும்.

பிறகு, கதை தெரியாத மூன்று பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். பெயர் வந்ததும் நிறுத்திவிட்டு, "இப்ப உங்களுக்கு என்ன தெரிஞ்சாகணும்?" என்று கேளுங்கள். மூவரும் வேறு வேறு கேள்வி சொன்னால் பங்கு பிரித்ததில் எங்கோ குழப்பம், நோட்டுக்குத் திரும்புங்கள். எங்களுக்கு இரண்டு பேர் "அந்தப் பொண்ணு தப்பிச்சிட்டாளா?" என்றார்கள். மூன்றாவது ஆளாக அந்தத் தாத்தாவையே உட்கார வைத்திருந்தோம். அவர் கேள்வி கேட்கவில்லை. "கொலுசை யாரோ கையில ஆட்டியிருக்கீங்க. காலு அப்படிச் சத்தம் போடாது" என்றார். உண்மைதான், மைக் முன்னால் நான்தான் கையில் ஆட்டிப் பதிவு செய்தேன். கால் என்றால் குதிகால் தரையில் படும்போது ஒரு சத்தம், தூக்கும்போது ஒரு சின்ன இழுப்பு. மறுநாள் இரவு பத்து மணிக்கு மேல், தெரு அடங்கிய பிறகு, எங்கள் குழுவின் தங்கை ஒரு காலில் மட்டும் கொலுசு போட்டுக்கொண்டு சிமெண்ட் தரையில் பதினோரு அடி நடந்தாள். அதில் நான்கை எடுத்துக்கொண்டேன்.