கோல்ஃப் வீராங்கனை நிர்வாகியான கதையை எழுதும்போது எங்கே தவறுகிறோம்?

போன மாதம், விளையாட்டுச் செய்தி எழுதப் பழகும் இரண்டு பேரிடம் ஒரே வேலையைக் கொடுத்தேன். அமெரிக்க கோல்ஃப் வீராங்கனை சூசி வேய்லி பற்றி ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுத வேண்டும். இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து எழுதினார்கள். இரண்டிலுமே 2018இல் நான் செய்த தவறு அச்சு அசலாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயரில் எழுத்துப்பிழை, ஆண்டு மாறிப்போவது, ஸ்கோரைத் தப்பாகக் கூட்டுவது இதெல்லாம் நீங்களே பார்த்துத் திருத்திக்கொள்வீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பி.ஜி.ஏ. என்ற மூன்று எழுத்து

2018 நவம்பரில் வேய்லி 'பி.ஜி.ஏ. ஆஃப் அமெரிக்கா'வின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ராத்திரி ஷிஃப்டில் இருந்தேன், பக்கம் முடிக்க அரை மணி நேரம்தான் இருந்தது. 'பி.ஜி.ஏ. டூருக்கு முதல் பெண் தலைவர்' என்று தலைப்பு வைத்து அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை ஒரு பெரியவர் போன் செய்தார். கோல்ஃப் மைதானத்தில் ஆடுகிறவர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் 'கேடி' (caddie) வேலையில் நாற்பது வருஷம் இருந்தவராம்.

"ஏம்மா, அந்த அம்மா டூருக்குத் தலைவி இல்லம்மா. எங்க கிளப்ல ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஒரு ப்ரோ இருப்பாரு பாரு, அவரை மாதிரி ஆளுங்க சங்கத்துக்குத் தலைவி."

இவ்வளவுதான் சொன்னார். நான் ஒரு முழுக் கட்டுரையில் சொல்லத் தவறியது அந்த ஒரு வரியில் இருந்தது.

திருத்தம் இரண்டு வரியில், உள்பக்கத்தில் வந்தது. அதற்குள் என் தலைப்பு ஒரு போட்டித் தேர்வு வழிகாட்டியின் 'நடப்பு நிகழ்வுகள்' பகுதியில் அப்படியே ஏறிவிட்டது. அதைப் படித்து யாராவது மதிப்பெண் இழந்திருப்பார்களோ என்று இன்றும் தோன்றும். இந்தத் தவறை யாராவது செய்வதைப் பார்த்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

விஷயம் இதுதான். பி.ஜி.ஏ. ஆஃப் அமெரிக்கா 1916இல் தொடங்கிய கோல்ஃப் ப்ரொபஷனல்களின் சங்கம். அதிலிருந்து 1968இல், வாராவாரம் ஊர் ஊராகப் போய்ப் போட்டி ஆடுகிறவர்கள் பிரிந்து போனார்கள். தொலைக்காட்சிப் பணம் பெருகி வந்த காலம். அந்த வருமானமும் போட்டிகளை நடத்தும் உரிமையும் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அப்படி உருவானதுதான் இன்றைய பி.ஜி.ஏ. டூர், ஆண்கள் ஆடும் போட்டித் தொடர். பழைய சங்கத்தில் மிஞ்சியவர்கள் கிளப்புகளில் வேலை பார்க்கிறவர்கள். பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை நடத்துவதும், அமெரிக்காவும் ஐரோப்பாவும் அணியாக மோதும் ரைடர் கோப்பையில் அமெரிக்காவின் பங்கைப் பார்த்துக்கொள்வதும் இன்றும் அந்தச் சங்கம்தான். குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அது.

மீதிப் பாதிக்குக் காரணம் தமிழில் நாம் பிடித்து வைத்திருக்கும் ஒரு சொல். 'ப்ரொபஷனல்' என்று கண்ணில் பட்டதும் 'தொழில்முறை வீராங்கனை' என்று எழுதிவிடுகிறோம். கிரிக்கெட்டிலும் டென்னிஸிலும் அது பொருந்திப்போகும். கோல்ஃபில் அந்தச் சொல்லுக்குள் இரண்டு பிழைப்பு இருக்கிறது. ஒருவர் ஆடிப் பரிசுப் பணம் வாங்குகிறவர். இன்னொருவர் கிளப் ப்ரோ. காலையில் கடையைத் திறப்பார், யார் எத்தனை மணிக்கு ஆட இறங்குவது என்ற பட்டியலைப் பார்ப்பார், உறுப்பினர்களுக்குள் போட்டி வைப்பார். பத்து வயதுப் பிள்ளையின் விரலைப் பிரித்து மட்டைப் பிடியில் திரும்ப வைப்பார். அது பிடிபட்டதும் அடுத்த பிள்ளையிடம் போவார். நாள் முழுக்க இந்த வேலைதான். தன் ஆட்டத்துக்கு நேரம் கிடைத்தால் உண்டு.

வேய்லி இரண்டையும் செய்தவர். 1990இலும் 1993இலும் பெண்களுக்கான எல்.பி.ஜி.ஏ. டூரில் ஆடினார். அப்புறம் கனெக்டிகட் மாநிலத்தில் கிளப் வேலைக்கு வந்து, ஏவன் ஊரில் ஒரு மைதானத்தின் தலைமை ப்ரோவாக இருந்தார். 2002இல் அவர் வென்றது கனெக்டிகட் வட்டாரத்து கிளப் ப்ரோக்களுக்கான போட்டி. அதில் ஜெயித்தவருக்கு மறு வருஷம் 'கிரேட்டர் ஹார்ட்ஃபர்ட் ஓப்பன்' என்ற பி.ஜி.ஏ. டூர் போட்டியில் ஓர் இடம். கிளப் வேலையை விட்டுவிட்டு எழுதினால், டூரில் இல்லாத ஒரு பெண் திடீரென்று ஆண்கள் டூரில் எப்படி வந்து நின்றார் என்பது புரியவே புரியாது. நான் அந்தப் பத்து வருஷத்தை 'டூரில் சோபிக்கவில்லை' என்று இரண்டே சொல்லில் முடித்திருந்தேன். அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்த சங்கத்தில் அப்போது ஏறக்குறைய 29,000 உறுப்பினர்கள். நான் தோல்வி என்று எழுதிய அந்தப் பத்து வருஷ வேலைதான் அவர்கள் எல்லாருடைய பிழைப்பும்.

பத்து சதவீதத்தை மறைப்பது

2002 போட்டியில் வேய்லி ஆடியது ஆண்களைவிடப் பத்து சதவீதம் குறைந்த தூரத்தில். விதியே அப்படி இருந்தது. அவரைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அடுத்த பத்தியிலேயே அவர் செய்த பெரிய காரியம் இருக்கிறது: 2003இல் ஹார்ட்ஃபர்டில் ஆண்கள் ஆடிய அதே முழுத் தூரத்தில் ஆடினார். வேண்டாம் என்று ஒதுங்கியிருக்கலாம், ஆனால் ஒதுங்கவில்லை. பார் 70, அதாவது ஒரு சுற்றை 70 அடியில் முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கும் டி.பி.சி. ரிவர் ஹைலண்ட்ஸ் மைதானத்தில் முதல் நாள் 75, இரண்டாம் நாள் 78. இரண்டு நாள் முடிந்ததும் யார் தொடர்ந்து ஆடலாம் என்று பிரிக்கும் எல்லைக்கு 'கட்' என்று பெயர். அதை அவர் தாண்டவில்லை. அந்தப் பத்து சதவீதத்தை மறைத்துவிட்டால் இந்த எண்களுக்குக் கனம் இல்லாமல் போகும்.

'முதல் பெண்'

இந்தச் சொல்லை எழுதும் முன் இரண்டு தடவை நில்லுங்கள். அதே 2003 மே மாதம், வேய்லிக்கு முன்பே, ஸ்வீடனின் ஆனிக்கா ஸோரன்ஸ்டாம் டெக்ஸஸில் உள்ள கொலோனியல் மைதானத்தில் ஆண்களோடு ஆடிவிட்டார். 71, 74, நான்கு அடி கூடிப்போனதால் 'கட்'டைத் தவறவிட்டார். ஆனால் அவர் ஸ்பான்சர் அழைத்து வந்தவர். போட்டியில் ஜெயித்துத் தகுதி பெற்று வந்தவர் வேய்லி. 1945இல் அமெரிக்க வீராங்கனை பேப் ஸஹாரியாஸ் தகுதி பெற்று ஆடிய பிறகு அப்படி வந்த பெண் இவர்தான். 'ஆடிய', 'தகுதி பெற்ற' என்ற இரண்டு சொல்லுக்குள் மூன்று பேரின் உழைப்பு இருக்கிறது. ஒருவருடையதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது.

கணவர், குழந்தைகள், உடை

ஆண் தலைவருக்கு எழுதமாட்டீர்கள் என்றால் இவருக்கும் வேண்டாம்.

தலைவர் வேறு, சி.இ.ஓ. வேறு

பி.ஜி.ஏ. ஆஃப் அமெரிக்காவில் தலைவர் பதவி, உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பது. அன்றாட நிர்வாகம் சம்பளம் வாங்கும் சி.இ.ஓ.வின் பொறுப்பு, வேய்லி காலத்தில் அது செத் வா. இரண்டு பதவியையும் 'தலைமை' என்று ஒரே சொல்லில் சுருட்டாதீர்கள். ஆடிவிட்டு அலுவலக நாற்காலிக்கே போனவரைப் பற்றி எழுத ஆசை என்றால் ஹெதர் டேலி-டோனோஃப்ரியோவை எடுங்கள். எல்.பி.ஜி.ஏ.வில் இரண்டு வெற்றி, அதன் பிறகு அதே எல்.பி.ஜி.ஏ.வில் உயர் அதிகாரி. அது வேறு மாதிரி பாதை, எழுதும் விதமும் மாறும்.

'திடீரென்று'

2014 செயலாளர். 2016 துணைத் தலைவர். 2018 தலைவர். இதில் திடீர் எங்கே இருக்கிறது? 2014 அக்டோபரில் அப்போதைய தலைவர் டெட் பிஷப், பெண்களை இழிவாகக் காட்டும் ஒரு ட்வீட்டுக்காகப் பதவி நீக்கப்பட்டார். அடுத்த மாதம் வேய்லி செயலாளரானார். இரண்டையும் எழுதலாம். நடுவில் 'அதனால்' என்று போட்டு அவர் வாங்கிய வாக்குகளைச் சமாதானப் பரிசாக ஆக்கிவிடாதீர்கள்.

மட்டையைக் கீழே வைத்துவிட்டார் என்று முடிப்பது

நிர்வாகி ஆனதும் ஆட்டம் முடிந்தது என்று கட்டுரையைக் கட்டுவது வசதியாக இருக்கும். 72 எல்.பி.ஜி.ஏ. வெற்றிகளோடு 2008இல் ஓய்வு பெற்ற ஸோரன்ஸ்டாம், 2021 ஜனவரியில் சர்வதேச கோல்ஃப் கூட்டமைப்பின் தலைவரானார். அதே ஆண்டில் மூத்த பெண்களுக்கான யு.எஸ். ஓப்பனை எட்டு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். வேய்லி தலைவராக இருந்த காலத்திலும் ஃபுளோரிடாவில் மிராஸோல் கிளப்பில் பயிற்சிப் பொறுப்பில் இருந்தார்.

நான் வேலை கொடுத்த இருவரில் ஒருவர் முந்தாநாள் திருத்தி எழுதிக் கொண்டுவந்தார். முதல் வரியில் டூர் இல்லை, தலைவர் பதவியும் இல்லை. 'சூசி வேய்லி கோல்ஃப் சொல்லிக்கொடுப்பவர்' என்று தொடங்கியிருந்தார். கை வைக்காமல் அப்படியே பக்கத்துக்கு அனுப்பினேன்.