லினக்ஸ் கணினியிலிருந்து கையடக்க பிளேயருக்குப் பாடல்களை ஏற்றும் முறை

பிளேயரை லினக்ஸ் கணினியில் செருகியும் திரையில் எதுவும் தோன்றவில்லை என்றால், இயங்குதளத்தைக் குறைசொல்லும் முன் கம்பியைச் சந்தேகிப்பது நல்லது. சார்ஜ் ஏற்றுவதற்கென்றே செய்யப்பட்ட யூஎஸ்பி கம்பிகள் சிலவற்றில் தரவு செல்லும் இழைகளே இருப்பதில்லை. அத்தகைய கம்பியில் பிளேயரின் பேட்டரி நிறையும், ஆனால் அப்படியொரு சாதனம் இணைந்திருப்பதே கணினிக்குத் தெரியாது. முனையத்தை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரத்தை) திறந்து, பிளேயரைச் செருகுவதற்கு முன் ஒருமுறையும் செருகிய பின் ஒருமுறையும் ‘எல்எஸ்யூஎஸ்பி’ கட்டளையை இயக்கிப் பாருங்கள். இரண்டாம் முறை பட்டியலில் ஒரு வரி கூடியிருந்தால் கம்பியில் குறையில்லை. கூடவில்லை என்றால் வேறு கம்பியை எடுங்கள்.

அடுத்து அறிய வேண்டியது, பிளேயர் தன்னைக் கணினியிடம் என்னவென்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது என்பதுதான். பென் டிரைவைப் போலத் தன்னை ஒரு வட்டாகவே காட்டிக்கொள்வது ‘மாஸ் ஸ்டோரேஜ்’ முறை. எம்எஸ்சி என்றும் யூஎம்எஸ் என்றும் பிளேயர்கள் இதைக் குறிப்பிடுவதுண்டு. வட்டைத் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டு, கணினி கேட்கும் கோப்புகளை மட்டும் கொடுத்து வாங்குவது எம்டிபி முறை. கேமராக்களுக்காக உருவான பிடிபி நெறிமுறையை விரித்து மைக்ரோசாஃப்ட் அமைத்தது இது. ஐபாடோ வட்டாகவும் தோன்றும், ஆனால் பாடல்களைத் தனக்கென வைத்திருக்கும் ஒரு தரவுத்தளத்தின் வழியே மட்டும் அறியும். லினக்ஸில் பிளேயர் தொடர்பாக எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை, இந்த மூன்றில் எது தன் கையில் இருக்கிறது என்று தெரியாமல் வேலையைத் தொடங்குவதால் வருபவையே.

பிளேயரின் அமைப்புகளில் ‘யூஎஸ்பி மோட்’ என்ற தேர்வு இருந்தால், தயங்காமல் எம்எஸ்சியைத் தேர்ந்தெடுங்கள். சான்சா கிளிப் வகைப் பிளேயர்களில் இந்த வசதி உண்டு. சில பிளேயர்களில் ஒரு முறையில் ஏற்றிய பாடல்கள் மறு முறையில் கணினியின் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆகவே இடையில் மாற்றுவதாக இருந்தால் பழையவற்றை முதலில் நீக்கிவிடுவது நல்லது.

எம்டிபியைத் தவிர வேறு வழியில்லாத சாதனங்களும் உள்ளன. ஆண்ட்ராய்டில் இயங்கும் பிளேயர்களும் ஃபோன்களும் அவ்வகையே. அவற்றைச் செருகியதும் திரைப்பூட்டைத் திறந்து, அறிவிப்புப் பகுதியில் ‘சார்ஜிங் மட்டும்’ என்றிருப்பதைக் ‘கோப்புப் பரிமாற்றம்’ என மாற்றினால், நோம், கேடிஇ ஆகிய லினக்ஸ் பணிமேடைச் சூழல்களின் கோப்பு மேலாளர்கள் லிப்எம்டிபி நிரலகத்தின் துணையோடு சாதனத்தைக் காட்டும். எம்டிபி சாதனத்தை ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டுமே கையாள முடியும் என்பதை மறக்க வேண்டாம். கோப்பு மேலாளரில் அது திறந்திருக்கும்போது இசை மென்பொருளில் தெரியவில்லை என்றால், அது பழுதன்று; முதலாவதில் அன்மவுண்ட் செய்துவிட்டு (அதாவது, இணைப்பை முறையாக விடுவித்துவிட்டு) இரண்டாவதைத் திறக்க வேண்டும். பிளேயரில் இருக்கும் கோப்பை அங்கேயே வைத்துத் திருத்துவதும் இம்முறையில் சரிவராது. கணினியில் திருத்தி மீண்டும் அனுப்புங்கள்.

மாஸ் ஸ்டோரேஜ் பிளேயரில் பாடல்களை ‘மியூசிக்’ கோப்புறைக்குள் இழுத்துப் போட்டாலே போதும். ரிதம்பாக்ஸ் போன்ற இசை மென்பொருள் அதைப் பிளேயர் என்று அடையாளம் காணாவிட்டால், ‘இஸ்_ஆடியோ_பிளேயர்’ என்ற ஆங்கிலப் பெயருக்கு முன் ஒரு புள்ளி வைத்து, அப்பெயரில் ஒரு வெற்றுக் கோப்பைப் பிளேயரின் முதன்மைக் கோப்புறையில் உருவாக்குங்கள். அடுத்த முறை செருகும்போது பக்கப்பட்டையில் வந்து நிற்கும்.

எளிதாகத் தோன்றும் இந்த முறையில்தான் அறியாமல் சறுக்கும் இடங்கள் அதிகம். இத்தகைய பிளேயர்கள் பெரும்பாலும் ஃபேட்32 என்ற கோப்பு முறைமையை (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையை) பயன்படுத்துகின்றன. அதில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, மேற்கோள்குறி, நட்சத்திரக்குறி போன்றவை கோப்பின் பெயரில் இடம்பெற முடியாது. லினக்ஸோ அவற்றையெல்லாம் அனுமதிக்கும். அதனால், ஆல்பத்தின் பன்னிரண்டு பாடல்களில் பதினொன்று மட்டும் போய்ச் சேர்ந்திருந்தால், விடுபட்டதன் பெயரில் ஒரு கேள்விக்குறி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதேபோல, பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை மட்டும் நம்பி இரண்டு கோப்புறைகள் வைத்திருந்தால், பிளேயரில் அவை ஒன்றாகிவிடும்.

பாடல்களை நீக்கியும் இடம் கூடவில்லை என்பது இன்னொரு வழக்கமான புகார். கோப்பு மேலாளரில் சாதாரணமாக நீக்கும்போது கோப்பு அழிவதில்லை. பிளேயரிலேயே மறைவாக உருவாகும் குப்பைத்தொட்டிக் கோப்புறைக்குத்தான் நகர்கிறது. கன்ட்ரோலும் ‘ஹெச்’ விசையும் சேர்த்து அழுத்தினால், பல கோப்பு மேலாளர்களில் மறைந்திருக்கும் கோப்புறைகள் தெரியும். சில பிளேயர்கள் அந்தக் குப்பைத்தொட்டிக்குள்ளும் நுழைந்து, நீக்கிய பாட்டையே மீண்டும் பாடும். இதைக் கேட்டு நானே ஒருமுறை திகைத்திருக்கிறேன். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி டெலிட் செய்தால் கோப்பு நேரடியாக அழியும்.

பாடல்கள் ஏறுமாறாக ஒலிப்பதற்கும் காரணம் உண்டு. எளிய பிளேயர்கள் பல, கோப்புகளைப் பெயர் வரிசையில் எடுப்பதில்லை. ஃபேட் அட்டவணையில் எந்த வரிசையில் பதிவாயினவோ அந்த வரிசையிலேயே ஒலிக்கச் செய்கின்றன. பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண்ணிட்டும் பயனில்லாமல் போவது இதனால்தான். ‘ஃபேட்சார்ட்’ என்னும் சிறு நிரல் அந்த அட்டவணையையே அடுக்கித் தரும். அதை இயக்கும் முன் பிளேயரை அன்மவுண்ட் செய்திருக்க வேண்டும். வட்டின் பெயரை ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையின் மூலம் உறுதிப்படுத்திக்கொள்ளவும் வேண்டும், ஏனெனில் இங்கே ஓர் எழுத்து மாறினால் வேறு வட்டின் மீது கைவைத்ததாகிவிடும்.

தொகுப்பு பெரிதாக இருந்து அடிக்கடி மாறுமானால், கையால் இழுத்துப் போடுவதைவிட, கோப்புறைகளை ஒத்திசைக்கும் ‘ஆர்சிங்க்’ கட்டளை மேலானது. மாறிய கோப்புகளை மட்டும் அது அனுப்பும். ஆனால் பலரும் பழக்கத்தில் பயன்படுத்தும் ‘ஏ’ விருப்பம் உரிமையாளர், அனுமதி ஆகியவற்றையும் நகலெடுக்க முயலும். ஃபேட்32இல் அவற்றுக்கு இடமில்லாததால் பிழைச்செய்திகள் குவியும். ‘ஆர்’, ‘டி’ ஆகிய இரண்டு விருப்பங்கள் போதும். ஃபேட் நேரக்குறிப்பை 2 விநாடித் துல்லியத்தில்தான் சேமிக்கிறது என்பதால், ‘மாடிஃபை-விண்டோ’ விருப்பத்துக்கு 1 என்ற மதிப்பையும் கொடுங்கள். இல்லையேல் மாறாத பாடல்களும் மாறியவையாகத் தோன்றி ஒவ்வொரு முறையும் மறுபடி நகலாகும். கணினியில் இல்லாதவற்றைப் பிளேயரிலிருந்து அழிக்கும் ‘டெலிட்’ விருப்பத்தைச் சேர்ப்பதானால், முதலில் ‘டிரை-ரன்’ உடன் ஓட்டி, எவையெல்லாம் அழியும் என்ற பட்டியலைப் படித்துப் பாருங்கள்.

நகலெடுப்பு முடிந்ததாகப் பட்டை காட்டினாலும் உடனே கம்பியை உருவக் கூடாது. லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் நினைவகத்தில் சேர்த்துவைத்து, பிறகு நிதானமாகப் பிளேயருக்கு எழுதும் வழக்கமுடையது. பட்டை நிறைந்த பிறகும் சில நூறு எம்பி பாக்கியிருக்கலாம். கோப்பு மேலாளரில் ‘பாதுகாப்பாக அகற்று’ என்பதைச் சொடுக்கி, அகற்றலாம் என்ற செய்தி வரும்வரை காத்திருங்கள்.

கோப்பு வடிவத்தைப் பொறுத்தவரை, கணினியில் ஒலித்தரம் குறையாத ஃபிளாக் வடிவில் வைத்துக்கொண்டு, பிளேயருக்கு எம்பி3 ஆக மாற்றி அனுப்புவதே என் விருப்பம். சிடி தரத்தில் நான்கு நிமிடப் பாடலுக்கு ஃபிளாக் ஏறத்தாழ 20 முதல் 30 எம்பி வரை எடுத்துக்கொள்ளும். 320 கேபிபிஎஸ் எம்பி3 கோப்போ 9.6 எம்பிதான். எஃப்எஃப்எம்பெக், சவுண்ட்கன்வெர்ட்டர் ஆகிய இரண்டும் இதைச் செய்யும். எம்பி3 உரிமத் திட்டம் 2017இல் முடிவுக்கு வந்தபின், இதற்கான நிரல்களை லினக்ஸ் வழங்கல்கள் தயக்கமின்றித் தருகின்றன. ஆப்பஸ் என்னும் ஒலிக்கோப்பு வடிவமும் சிறந்ததுதான். ஆனால் பழைய பிளேயர்கள் பல அதை அறியா.

பாடகர் பெயரும் ஆல்பம் பெயரும் குழம்பித் தெரிந்தால், எம்பி3 கோப்புக்குள்ளேயே இவ்விவரங்களைத் தாங்கும் ஐடி3 குறிப்புகளின் பதிப்பைக் கவனியுங்கள். 2.4 பதிப்பைப் படிக்கத் தெரியாத பிளேயர்கள் இன்னும் உள்ளன. கிட்3 அல்லது ஈசிடேக் மென்பொருளில் 2.3 பதிப்பாகவும், எழுத்துக் குறியாக்கத்தை யூடிஎஃப்-16 ஆகவும் அமைத்துச் சேமித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதன் பிறகும் தமிழ்ப் பெயர்கள் கட்டங்களாகவே தெரிந்தால், பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள்.

ஐபாடில் பாடல்களை இழுத்துப் போட்டால் அவை இடத்தை அடைக்குமே தவிர, பட்டியலில் தோன்றா. ஐடியூன்ஸ்டிபி என்னும் தரவுத்தளத்தில் பதிவானவற்றை மட்டுமே அது ஒலிக்கச் செய்யும். லிப்ஜிபாட் நிரலகத்தைப் பயன்படுத்தும் ரிதம்பாக்ஸ், ஜிடிகேபாட் ஆகியவை அப்பதிவைச் செய்துதரும். ஆப்பிள் கணினியில் அமைக்கப்பட்ட ஐபாடில் ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை இருக்கும். ஜர்னலிங் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி) இயங்கும் நிலையில் லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே செய்யும். உள்ளிருப்பதை நகலெடுத்துக்கொண்டு ஃபேட்32 ஆக மறுபடி அமைப்பதே நேர்வழி. ஐபாட் டச் இவற்றோடு சேராது. அதற்கு லிப்ஐமொபைல்டிவைஸ் என்ற தனி நிரலகம் தேவை.

பழைய ஐபாட், சான்சா, ஐரிவர் பிளேயர்களை வைத்திருப்போர் ராக்பாக்ஸைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆர்க்கோஸ் பிளேயர்களுக்காக 2001இல் தொடங்கிய இந்தத் திறமூல மென்பொருள், பிளேயரின் சொந்த ஃபர்ம்வேருக்கு (அதை இயக்கும் உள் மென்பொருளுக்கு) மாற்றாக இயங்குகிறது. தரவுத்தளத் தொல்லை நீங்கி, ஐபாடிலும் கோப்புறைகளை அப்படியே நகலெடுத்துக் கேட்கலாம்; ஃபிளாக், ஆக் வோர்பிஸ், ஆப்பஸ் ஆகியவையும் ஒலிக்கும். ராக்பாக்ஸ் யுடிலிட்டி லினக்ஸிலேயே ஓடும். நிறுவும் முன் உங்கள் மாடலின் தலைமுறை எது என்பதைச் சரிபாருங்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இரண்டு மாடல்களுக்குள் முற்றிலும் வேறான சில்லுகள் இருப்பதுண்டு. நிறுவியபின் ஆல்பம் படங்கள் தெரியாவிட்டால், அவை புரொக்ரசிவ் ஜேபெக் வகையைச் சேர்ந்தவையா என்று பார்த்து, சாதாரண ஜேபெக்காக மாற்றிச் சேமியுங்கள்.

என்றேனும் பிளேயர் ‘படிக்க மட்டும்’ என்ற நிலையில் திறந்து எதையும் ஏற்க மறுத்தால், வட்டில் பிழை நேர்ந்திருக்கக்கூடும். அன்மவுண்ட் செய்துவிட்டு, டாஸ்எஃப்எஸ்டூல்ஸ் தொகுப்பில் வரும் ‘எஃப்எஸ்சிகே.விஃபேட்’ நிரலால் சரிசெய்யுங்கள். அப்படியும் சீராகவில்லை என்றால், பிளேயரின் மெனுவிலேயே உள்ள ‘ஃபார்மேட்’ தேர்வைப் பயன்படுத்திவிட்டுப் பாடல்களைக் கணினியிலிருந்து மறுபடி ஏற்றுங்கள். கணினியில், லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 ஆக ஃபார்மேட் செய்துவிட்டால் பெரும்பாலான பிளேயர்களால் தம் வட்டைத் தாமே படிக்க முடியாது.