ஆகும்பே வழியாகக் கடலுக்குக் கேம்பர் வேனில் போகிறீர்களா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கணவன் மனைவி மட்டும், உள்ளேயே படுத்துக்கொள்ளும் வசதியுள்ள கேம்பர் வேனில் மழைக்காடும் கடலும் பார்க்கக் கிளம்பினால் பெங்களூரு, சிவமொக்கா, மழைக்காட்டு மலையூரான ஆகும்பே, கடலோர உடுப்பி என்று போவது நல்ல வழி. வாடகை வண்டி என்றால் கர்நாடகா பர்மிட் இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நம் ஊரில் வருடத்துக்கு 1,000 மில்லிமீட்டர் பெய்தாலே பெரிய மழை. ஆகும்பேயில் சராசரியே 7,000க்கு மேல். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் வேண்டாம். டிசம்பர், ஜனவரி சுகம். அப்போதும் ஈரத்துணியை வேனுக்குள் காயப்போடாதீர்கள், மறுநாள் மெத்தை வரைக்கும் வாடை ஏறிவிடும். காட்டுக்குள் நடப்பதாக இருந்தால் ஒரு துணியில் கல் உப்பை முடிந்து பையில் வையுங்கள். காலில் ஏறிய அட்டையை அந்த முடிச்சால் தொட்டாலே சுருண்டு விழும்.

ஆகும்பேயில் சூரியன் மறைவதைப் பார்த்த கையோடு மலை இறங்கத் தோன்றும். இறங்காதீர்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏதாவது ஹோம்ஸ்டேயில் கேட்டு, அவர்கள் வாசலிலேயே வேனை நிறுத்தித் தூங்குங்கள்; கழிவறைக் கவலையும் தீர்ந்தது. காலையில் இரண்டாவது கியரில் நிதானமாக இறங்கலாம்.

சமையலை வேனுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள், படுக்கும் முன் சிலிண்டரை மூடிவிடுங்கள். ராகி மாவு கையில் இருந்தால் உடுப்பி பக்கத்து மல்பெ துறைமுகத்து மீனுக்குக் களி கிண்டலாம், அந்த ருசியே தனி!

அப்புறம் உடுப்பிக்கு வடக்கே மரவந்தே கடற்கரை. ஒரு பக்கம் சௌபர்ணிகா ஆறு, மறுபக்கம் கடல், நடுவில் நெடுஞ்சாலை. ஆசைப்பட்டு வேனை மணலில் இறக்கினால் டயர் புதைந்துவிடும். கெட்டியான தரையிலேயே நிறுத்துங்கள்.